செம்பூரில் ஒரு முதுகு வளைவு: பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரை

இந்த ஆய்வுக்குரிய சிறுமியை 2022 ஜூனில், மும்பை செம்பூரில் நான் பணிபுரியும் இயன்முறை மருத்துவ நிலையத்துக்கு அழைத்து வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைய எக்ஸ்ரேயில் அவளுடைய முதுகெலும்பின் மார்புப் பகுதி வலப்பக்கமாக 22 டிகிரி வளைந்திருந்தது. மூன்றேகால் ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 செப்டம்பரில், சிகிச்சை முடிந்து பிரேஸை, அதாவது வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் கெட்டிச் சட்டத்தை, கழற்றி வைத்தபோது அதே வளைவு 31 டிகிரி. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இதைத் தோற்றுப்போன சிகிச்சை என்றே கொள்ளக்கூடும். நான் அப்படிக் கொள்ளவில்லை. ஆனால் வெற்றி என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அந்த ஒன்பது டிகிரியும் முதல் ஏழு மாதத்திலேயே கூடியவை. அதே ஏழு மாதத்தில் அவளுடைய தோள்கள் சமமாகிக்கொண்டும், நிற்கும் நிலை நிமிர்ந்துகொண்டும் வந்தன. அதைக் கண்டு, உரிய காலத்தில் எடுக்க வேண்டிய படத்தை நான் எடுக்காமல் விட்டேன். இதை எழுத முதற்காரணம் அதுதான். குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த வழி

குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மும்பைக்கு வந்தது. தந்தை கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். தாய் வீட்டில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். தந்தையின் தாயாரும் உடன் இருக்கிறார். சிறுமி ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாள். 2022 பிப்ரவரியில் நாட்டிய வகுப்பின் ஆண்டு விழாவுக்கு உடை தைக்க அளவெடுத்த தையற்காரர், தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கத்துக்கும் அரை இஞ்ச் வித்தியாசம் வருகிறதென்று இருமுறை அளந்து பார்த்துவிட்டுத் தாயிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் நாட்டிய ஆசிரியையும் கவனித்து, அரைமண்டியில் இருக்கும்போது வலது தோள்பட்டை எலும்பு மட்டும் பின்னால் புடைத்துத் தெரிகிறது என்றாராம். வலி ஏதும் இல்லை. பதின்பருவத்து முதுகு வளைவைப் பல நேரம் முதலில் காண்பவர்கள் தையற்காரர்களும் நீச்சல், நாட்டிய ஆசிரியர்களும். பத்து வயதைக் கடந்த பிள்ளையின் வெற்று முதுகைப் பெற்றோர் பார்க்கும் வாய்ப்பு நம் வீடுகளில் குறைவு.

அங்கிருந்து எங்களிடம் வருவதற்குள் மூன்றரை மாதம் போயிற்று. மருந்துக் கடையில் தோளைப் பின்னுக்கு இழுக்கும் எலாஸ்டிக் பெல்ட் ஒன்றை வாங்கி, பள்ளி போகும் நேரமெல்லாம் அணிவித்திருந்தார்கள். அந்தப் பெல்ட் கூனி உட்காரும் பழக்கத்தை ஓரளவு நினைவூட்டலாமே தவிர, பக்கவாட்டில் வளைந்து தன் அச்சில் திருகியும் இருக்கும் முதுகெலும்பின்மேல் அதற்கு எந்தப் பிடியும் கிடையாது. பின்னாளில் உண்மையான பிரேஸைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோது, “பெல்ட்தான் ஏற்கெனவே போட்டுப் பார்த்தோமே” என்ற பதிலோடுதான் உரையாடல் தொடங்கியது. இரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைப்பதன் விலை அது.

காரணம் பற்றியும் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. தாய் புத்தகப் பையின் எடையைக் குறை சொன்னார். ஆச்சி, தம்பியை இடுப்பிலேயே தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைச் சொன்னார். பையோ, உட்காரும் முறையோ, தூக்கிய குழந்தையோ இவ்வகை வளைவை உண்டாக்குவதில்லை. பத்து வயதுக்கு மேல், பிறவிக் குறையோ நரம்புக் கோளாறோ இல்லாமல் வளரும் பருவத்தில் தோன்றும் இந்த வளைவு நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரிக்கு மேல் இருக்கிறது. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு என்பதற்கு மேல் இன்னதுதான் காரணம் என்று சுட்டிச் சொல்ல இயலாது. சிறிய வளைவுகளில் ஆண், பெண் பிள்ளைகள் ஏறக்குறையச் சமமாக இருந்தாலும், சிகிச்சை வேண்டிய அளவுக்கு வளர்வது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே. இதை நான் விளக்கியபோது தாயின் முகத்தில் தெரிந்த தளர்வைக் குறிப்பிடத்தான் வேண்டும். மூன்றரை மாதமாக அவர் அந்தப் பையைத் தானே தூக்கிக்கொண்டு பள்ளி வாசல் வரை நடந்திருக்கிறார்.

முதற்பரிசோதனை

உயரம் 148 செ.மீ., எடை 38 கிலோ. இன்னும் பூப்பெய்தவில்லை. நின்ற நிலையில் வலது தோள் உயர்ந்தும், உடற்பகுதி இடுப்புக்கு மேல் வலப்பக்கம் நகர்ந்தும் இருந்தது. கால்களின் நீளம் சமம். கால்களை ஒட்டி வைத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொன்னபோது வலப்பக்க விலா எலும்புகள் மேடாக எழுந்தன. இந்தக் குனியும் சோதனை ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸின் பெயரால் 1865 முதல் வழங்கி வருவது. இன்றும் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள முதற்சோதனை வேறில்லை. அந்த மேட்டின் சாய்வை ஸ்கோலியோமீட்டரால் அளந்ததில் மார்புப் பகுதியில் 8 டிகிரி, இடுப்புப் பகுதியில் 4 டிகிரி. பொதுவாக 5 முதல் 7 டிகிரிக்கு மேல் போனால் எக்ஸ்ரே வேண்டும் என்பது வழக்கம்.

நரம்புப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை. வயிற்றின் தோலைக் கீறிப் பார்க்கும் அனிச்சைச் செயல் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. பாத வளைவுகள் இயல்பாக இருந்தன. தோலில் பழுப்புத் திட்டுகள் இல்லை. இரவில் எழுப்பும் வலியும் இல்லை. இவற்றைச் சடங்காகக் குறிக்கவில்லை. மார்பு வளைவு இடப்பக்கமாக இருந்தாலோ, அனிச்சைச் செயல்கள் சமமற்று இருந்தாலோ, முதுகுத் தண்டுக்குள் நீர்க்குழி போன்ற வேறு நோய் ஒளிந்திருக்கலாம். அப்போது எம்ஆர்ஐ எடுக்காமல் எந்த உடற்பயிற்சியையும் தொடங்கக் கூடாது.

எலும்பு மருத்துவர் எடுத்திருந்த எக்ஸ்ரேயில் ஐந்தாம் மார்பு முள்ளெலும்பிலிருந்து பன்னிரண்டாம் முள்ளெலும்பு வரை வலப்பக்கம் 22 டிகிரி. அதை ஈடுசெய்ய இடுப்பில் இடப்பக்கம் 14 டிகிரி. இவை காப் முறையில் அளந்தவை: வளைவின் மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் அதிகம் சாய்ந்த எலும்புகளின் விளிம்புக்குக் கோடு போட்டு, அவற்றுக்கிடையே உள்ள கோணத்தைக் காண்பது, அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்தது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வளர்ச்சித் தொப்பி இன்னும் தோன்றவே இல்லை. அதாவது, எலும்பு வளர்ச்சி எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதை அந்தத் தொப்பியைக் கொண்டு 0 முதல் 5 வரை குறிக்கும் அளவில், ரிஸ்ஸர் நிலை 0.

இந்தக் கடைசி வரிதான் படத்திலேயே கவலை தரும் வரி. லான்ஸ்டைன், கார்ல்சன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ரிஸ்ஸர் நிலை 0 அல்லது 1 இருந்து வளைவு 20 முதல் 29 டிகிரிக்குள் இருந்த பிள்ளைகளில் 68 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியது. அதே அளவு வளைவு இருந்தும் ரிஸ்ஸர் நிலை 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கே கூடியது. வளைவின் அளவு ஒன்றேதான். இன்னும் வளர வேண்டிய உயரம்தான் வேறு. பெண் பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது பூப்பெய்துவதற்கு முந்தைய ஓராண்டை ஒட்டி. இவள் சரியாக அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தந்தை கட்டட வேலையில் இருப்பவராதலால் அளவுகளைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. “மேடம், இந்த 22-ஐ வேறொருத்தர் அளந்தால் 22 வருமா?” என்றார். வராது, பயிற்சி பெற்ற இருவர் ஒரே படத்தை அளந்தாலும் ஐந்து டிகிரி வரை மாறலாம், ஆகவே அதற்கு மேல் மாறினால்தான் கூடியது, குறைந்தது என்று பேசுவோம் என்றேன். “அப்போ நாலு டிகிரி குறைச்சுட்டேன்னு சொல்றவங்களை நம்ப வேண்டாம்” என்று அவரே முடித்தார்.

வீட்டில் செய்த பயிற்சி

25 டிகிரிக்குக் கீழ் உள்ள வளைவுக்கு, நெருங்கிய கண்காணிப்போடு சிறப்புப் பயிற்சி என்பது ஏற்கத்தக்க முதல்வழி. எலும்பு மருத்துவரும் நானும் அவ்வாறே முடிவெடுத்து, நான்கு மாதம் கழித்து அக்டோபரில் மறுபடம் என்று குறித்தோம்.

நான் பின்பற்றுவது ஷ்ராத் முறையை ஒட்டியது. கத்தரீனா ஷ்ராத் (1894–1985) தாமே முதுகு வளைவு உள்ளவர். பதினாறு வயதில் இரும்புச் சட்டம் அணிவிக்கப்பட்டவர். கண்ணாடி முன் நின்று, தம் உடம்பின் குழிந்த பக்கத்துக்குள் மூச்சைச் செலுத்திப் பார்த்துப் பார்த்துத் தாமே ஒரு முறையை உண்டாக்கி, 1921-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். வளைவு என்பது படத்தில் பக்கவாட்டுக் கோடாகத் தெரிந்தாலும் உடம்பில் அது ஒரு திருகல். ஆகவே முதுகைப் பொதுவாக வலுப்படுத்தும் பயிற்சியோ, இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் செய்யும் ஆசனமோ அதற்குப் போதாது, அந்தந்த உடம்பின் வளைவுக்கு எதிர்த்திசையில் தனித்தனியாக அமைக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

இவள் உடம்புக்கு அது இவ்வாறு அமைந்தது. வலப்பக்க விலா பின்னால் புடைத்திருந்ததால் இடப்பக்கப் பின்விலாப் பகுதி தட்டையாக அமிழ்ந்திருந்தது. முதலில் இடுப்பை நடுவே கொண்டுவந்து, உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பதுபோல முதுகை நீட்டி, பிறகு அந்த அமிழ்ந்த இடத்துக்குள் மட்டும் மூச்சை இழுத்து விலாக்களை வெளியே திறந்து, மூச்சை விடும்போது அந்நிலை குலையாமல் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சொல்ல எளிது. முதல் மூன்று வாரம் அவளுக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவள் முதுகில் என் உள்ளங்கையை வைத்து, “என் கையைத் தள்ளு” என்று சொல்லிச் சொல்லித்தான் அது பிடிபட்டது; பிறகு அந்தக் கை தாயினுடையதாயிற்று.

வீடு 300 சதுர அடி. சிகிச்சை நிலையங்களில் உள்ள சுவர் ஏணிக்குப் பதில் ஜன்னல் கிரில் பயன்பட்டது. புடைத்த பகுதிகளைத் தாங்க ஷ்ராத் முறையில் வைக்கும் அரிசிப் பைகளுக்கு, தாய் பழைய வேட்டித் துணியில் அரைக் கிலோ புழுங்கலரிசி போட்டுத் தைத்த மூன்று பைகள்: மல்லாந்து படுக்கும்போது வலது பின்விலாவின் கீழ் ஒன்று, குப்புறப் படுக்கும்போது முன்னால் புடைத்த இடது விலாவின் கீழ் ஒன்று, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பின் இடப் புடைப்பின் கீழ் ஒன்று. பீரோக் கண்ணாடியில் முன்பக்கம் மட்டுமே தெரியும். பின்பக்கத்தைப் பார்க்கத் தந்தை தம் வேலையிடத்துத் தூக்குக்குண்டைக் கதவு நிலையில் தொங்கவிட்டார். கழுத்தின் அடி எலும்புக்கு நேராக நூல் வருமாறு அவளை நிற்க வைத்து, ஞாயிறுதோறும் தொலைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புவார். அந்தப் படங்களை நான் வாங்கும் பல அறிக்கைகளைவிட மேலானவையாகக் கருதினேன். பிறகு அவையே என்னை ஏமாற்றின.

வாரம் ஒருமுறை என்னிடமும், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நாற்பது நிமிடமும் பயிற்சி. நாட்டியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வளைவு உள்ள பிள்ளை ஆடக் கூடாது, ஓடக் கூடாது என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. மாறாக, தன் உடம்பை இன்ன இடம் என்று உணர்ந்து அசைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இப்பயிற்சி விரைவில் வசப்படுகிறது என்பது என் அனுபவம்.

தள்ளிப்போன படம்

அக்டோபரில் ஸ்கோலியோமீட்டர் 8-இலிருந்து 6-க்கு இறங்கியிருந்தது. தோள்கள் ஏறத்தாழச் சமம். மூச்சை இழுக்கும்போது மார்பின் விரிவு 3.5 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆகியிருந்தது. தூக்குக்குண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நூலை விட்டு வலப்பக்கம் விலகியிருந்த உடம்பு வாரம் வாரமாக நூலை நோக்கி வந்தது. தந்தை, மறுபடத்தைச் சற்றுத் தள்ளிப்போடலாமா, கதிர்வீச்சு பிள்ளைக்கு நல்லதல்லவே என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. முன்னொரு காலத்தில் வளைவுக்காகச் சிறு வயதில் பலமுறை எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு கூடுதலாக இருந்ததை 2000-இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அதனால்தான் இப்போது கதிர் முதுகுப்பக்கத்திலிருந்து நுழையுமாறு நிற்க வைத்து எடுக்கிறார்கள், அதுவும் தேவைக்கு மட்டும். ஆனால் இவளுக்குத் தேவை இருந்தது. நான் ஸ்கோலியோமீட்டரைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்றைய என் குறிப்பேட்டிலேயே விடை இருந்தது. உயரம் 151.1 செ.மீ. என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நான்கு மாதத்தில் 3 செ.மீ.க்கு மேல், ஆண்டுக்கு 9 செ.மீ. என்ற வேகம். வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கும் பிள்ளை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தோள்களைச் சமமாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிள்ளை தோள்களைச் சமமாக வைத்துக்கொள்கிறாள். விலா விரியக் கற்றுக்கொண்டால் மேடு சற்றுத் தணிகிறது. எலும்பு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். இந்த மூன்றும் மூன்று வேறு செய்திகள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் முதலிரண்டை வைத்து மூன்றாவதற்கு விடை சொன்னேன்.

2023 ஜனவரியில் படம் எடுத்தபோது 31 டிகிரி. உயரம் 153.4 செ.மீ. அக்டோபரிலேயே எடுத்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று இப்போது சொல்ல வழியில்லை. 25-ஐத் தாண்டியிருந்தால் அன்றே பிரேஸுக்கு அனுப்பியிருப்போம். இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னேன். தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நானும்தானே கேட்டேன்” என்றார். அவர் கேட்டது சரி. மறுக்க வேண்டியது நான்.

பிரேஸ்

உடம்பை ஸ்கேன் செய்து, வலது பின்விலாவிலும் இடது இடுப்பிலும் அழுத்தம் கொடுத்து, எதிர்ப்பக்கங்களில் மூச்சுக்கு இடம் விட்டுச் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பிரேஸ் பிப்ரவரியில் வந்தது. ஐந்து வாரம் கழித்து, அதை அணிந்த நிலையிலேயே எடுத்த படத்தில் 31 டிகிரி 17 ஆகியிருந்தது. பாதியளவுக்கு அருகில் திருத்தம் கிடைத்தால் அதை நல்ல பிரேஸ் என்போம். நாளொன்றுக்கு இருபது மணி நேரம் அணியச் சொல்லப்பட்டது.

பிரேஸ் பயன்தருமா என்ற பழைய வாதத்தைப் பெரும்பாலும் முடித்து வைத்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான பெரிய ஆய்வு. 10 முதல் 15 வயதுக்குள், 20 முதல் 40 டிகிரி வளைவோடு இருந்தவர்களில், பிரேஸ் அணிந்தோரில் 72 விழுக்காட்டினர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். வெறுமனே கண்காணிக்கப்பட்டோரில் 48 விழுக்காட்டினர். அதைவிட முக்கியமானது நேரக் கணக்கு: நாளுக்குச் சராசரி 12.9 மணி நேரத்துக்கு மேல் உண்மையாகவே அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. அந்த ‘உண்மையாகவே’ என்பதை அவர்கள் பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரியால் அறிந்தார்கள். நாங்களும் ஒன்றைப் பதித்தோம், அவளுக்குச் சொல்லிவிட்டே. முதல் இரண்டு மாதம் வீட்டு நாட்குறிப்பில் பத்தொன்பது மணி நேரம்; உணரியில் பதினொன்றரை.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் பிடித்தன. காலையில் அணிவித்துப் பள்ளிக்கு அனுப்பிய தாய் அது மாலை வரை உடம்பில் இருந்ததாகவே எழுதினார். அவளோ பள்ளிக் கழிப்பறையில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வகுப்பு முடிந்ததும் மறுபடி அணிந்திருக்கிறாள். பெஞ்சில் சாய்ந்தால் பிளாஸ்டிக் மரத்தில் தட்டும் சத்தம்தான் காரணம் என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். பெஞ்சின் முதுகில் ஒரு துண்டை மடித்துப் போடுவதற்கு வகுப்பாசிரியையிடம் அனுமதி கேட்டோம், கிடைத்தது. உணரியின் எண் அடுத்த மாதமே பதினைந்தைத் தாண்டியது. என் பயிற்சி எதுவும் இந்தத் துண்டு அளவுக்கு அந்த வளைவுக்கு நன்மை செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

மார்ச்சில் அவள் பூப்பெய்தினாள். எலும்பு வளர்ச்சிக் கணக்கில் அது எங்களுக்கு நல்ல செய்தி: வளர்ச்சியின் உச்சம் கடந்துவிட்டது, இன்னும் ஏறத்தாழ இரண்டாண்டு. வீட்டில் அது வேறொரு சிக்கலாக வந்தது. சடங்கு முடியும் வரை பிரேஸ் வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார். ஆச்சியை நேரில் வரச் சொல்லிப் பேசினேன். அவருடைய பயம் சடங்கைப் பற்றியதே அல்ல. “ஏம்மா, பிள்ளைக்குக் கூன் விழுந்துருமோ? நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்கணும்லா, இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால நின்னா ஊரெல்லாம் சொல்லிருமே” என்றார். கூன் வேறு, இது வேறு என்பதையும், இதனால் பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை என்பதையும், பிரேஸ் வளர்ச்சி முடியும் வரைக்கும்தான் என்பதையும் சொன்னேன். சடங்கன்று பட்டுப் பாவாடை தாவணியில் நின்ற நான்கு மணி நேரம் கழற்றி வைப்பது என்று உடன்பாடாயிற்று. இருபது மணி நேரக் கணக்கில் அது அடங்கிவிட்டது.

மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான ஈரப்பதத்தில் பிரேஸ் அணிவது பற்றி ஐரோப்பியக் கையேடுகளில் அதிகம் இல்லை. தையல் வெளிப்பக்கம் இருக்குமாறு திருப்பிப் போட்ட, சுருக்கம் விழாத பருத்திப் பனியன். பள்ளியில் மாற்ற இன்னொன்று. அழுத்தம் விழும் இடங்களில் எண்ணெயோ பவுடரோ களிம்போ கூடாது. கழற்றிய அரை மணிக்குள் மறையும் சிவப்பு இயல்பு. மறையாவிட்டால் பிரேஸ் செய்யும் வல்லுநரான ஆர்த்தோடிஸ்டிடம் காட்டி அந்த இடத்தைச் சீர்செய்ய வேண்டும். அவளுக்கு ஜூலையில் வலது விலாவின்மேல் தோல் உரிந்தது. இரண்டு நாள் கழற்றி வைத்தோம். ஊருக்குப் போன மே மாதத்தில் உணரி பத்து மணி நேரத்துக்கு இறங்கியிருந்தது; திருநெல்வேலி வெயிலில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது கடினம் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி நிற்கவில்லை, நோக்கம் மாறியது. பிரேஸ் தாங்குவதால் தசைகள் வேலை குறைந்து தளரும், மார்பு விறைக்கும், மேல்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும். பிரேஸுக்குள்ளேயே அழுத்தத்திலிருந்து விலகி வெற்றிடத்தை நோக்கி மூச்சிழுக்கும் பயிற்சியும், கழற்றிய நான்கு மணி நேரத்தில் நாட்டியமும் வாரம் நான்கு நாள் அரிசிப் பைப் பயிற்சியும் தொடர்ந்தன.

பயிற்சி மட்டும் போதுமா

பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. கனடாவின் எட்மண்டனில் நடந்து 2016-இல் வெளியான ஐம்பது பேர் ஆய்வில், வழக்கமான கவனிப்போடு ஷ்ராத் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 3.5 டிகிரி அளவு வேறுபாடு சாதகமாகக் கிடைத்தது; அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் எண்தான், என்றாலும் குழுவாகப் பார்க்கையில் பொருளுள்ளது. மறுபுறம், சுவீடனில் 135 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், 25 முதல் 40 டிகிரி வளைவுக்கு இரவில் மட்டும் அணியும் பிரேஸ் தெளிவாகப் பலன் தந்தது. வளைவுக்கான தனிப்பயிற்சியோ, பொதுவான உடலுழைப்புக்கு மேல் குறிப்பிடத்தக்க பலன் எதையும் காட்டவில்லை. என் தொழிலுக்கு இனிப்பான முடிவு அல்ல. ஆனாலும் வேகமாக வளரும் பிள்ளைக்கு 25 டிகிரிக்கு மேல் பயிற்சி மட்டும் போதும் என்று சொல்லும் நிலையங்களுக்கு இந்நகரில் குறைவில்லை. அங்கே ஓராண்டு செலவழித்துவிட்டு 45 டிகிரியோடு வருவோருக்கு நான் தரக்கூடியது அறுவை மருத்துவரின் முகவரி மட்டுமே.

பயிற்சி இவளுக்கு என்ன தந்தது என்றால், தன் முதுகைப் பற்றி அவளே பேசும் திறனைத் தந்தது, மூச்சைத் தந்தது, பிரேஸைச் சகித்துக்கொள்ளும் உடம்பைத் தந்தது. வாரந்தோறும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கழிப்பறைச் செய்தியும் எனக்குத் தெரிய வந்தது.

முடிவு நிலை

2023 டிசம்பரில், ஒரு நாள் முழுதும் பிரேஸைக் கழற்றி வைத்து எடுத்த படத்தில் 29 டிகிரி. 2025 மார்ச்சில் பூப்பெய்தி ஈராண்டு நிறைந்து, ஆறு மாதமாக உயரம் ஒரு செ.மீ. கூடக் கூடாமல், ரிஸ்ஸர் நிலை 4 ஆனபின், வளைவு 30 டிகிரியில் இருக்க, பிரேஸை முதலில் இரவுக்கு மட்டும் என்று குறைத்து, செப்டம்பரில் நிறுத்தினோம். அப்போது 31 டிகிரி. உயரம் 161 செ.மீ.; ஸ்கோலியோமீட்டர் 6; மார்பு விரிவு 6 செ.மீ. பிரேஸ் தொடங்கிய நாளின் எண்ணும் 31தான். 29, 30, 31 என்ற வரிசையைக் கண்டு கூடிக்கொண்டு போகிறதோ என்று தாய் அஞ்சியபோது தந்தையே அந்த ஐந்து டிகிரியை நினைவூட்டினார்.

50 டிகிரியைத் தாண்டிய மார்பு வளைவுகள் வளர்ச்சி முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி கூடக்கூடியவை. 30-க்குக் கீழ் உள்ளவை பெரும்பாலும் நின்றுவிடுபவை. இவள் அந்தக் கீழ் எல்லையின் அருகில் நிற்கிறாள். அறுவைக்கான பேச்சு எழவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு, பயிற்சி வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், ஆட்டம் வழக்கம்போல. அடுத்த எக்ஸ்ரே 2026 செப்டம்பரில். அந்தத் தேதி இம்முறை என் குறிப்பேட்டிலும் தந்தையின் தொலைபேசியிலும் ஏறியிருக்கிறது. ஸ்கோலியோமீட்டர் என்ன சொன்னாலும் அதைத் தள்ளிப்போடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.